கூட்டல் கம்பி மண்ணுக்கு

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. உன் அப்பா காட்டிலிருந்து வந்ததும் வழக்கம்போல நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்து, "படி புள்ள" என்றார். கம்பெனியில் உன்னை எழுத்து வேலையிலிருந்து மாற்றி மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற பகுதிக்கு வரச் சொல்கிறார்கள், இரண்டு வருஷம் அங்கேயே வைத்துப் பழக்குவார்கள், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதுவரை சத்தமாகப் படித்துவிட்டேன். அடுத்த வரிக்கு வந்ததும் குரல் நின்றுவிட்டது. "எனக்கு அந்தக் கை இல்லை என்பது உங்களுக்கே தெரியும். வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன்" என்று எழுதியிருந்தாய். அப்பா, "என்ன, எழுத்துப் புரியலையா?" என்றார். அந்த வரியையும் படித்தேன். காலில் ஒட்டியிருந்த செம்மண்ணைக் கொஞ்ச நேரம் சுரண்டிக்கொண்டிருந்தார். பிறகு, "சரிதான். அவனுக்கே தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அந்தக் கை உனக்கு இருக்கிறது. இல்லை என்று உன்னை நம்ப வைத்தவள் உன் அம்மாவாகிய நான். மூன்று வருஷத்துக்கு முன் டிராக்டரில் நீ மாட்டிய ஆல்டர்னேட்டர் புகைந்ததே, அதைப் புகைய வைத்தது என் கை. நீ செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை. இதை இரண்டு வரியில் தந்தியாக அடித்திருக்கலாம். ஆனால் எப்படி நடந்தது என்று முழுதாகத் தெரியாவிட்டால் நீ நம்பமாட்டாய். அம்மா மனசு தாங்காமல் பழியைத் தன் மேல் இழுத்துப் போட்டுக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொள்வாய். அதனால் நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த சங்கதிகளும் நடுவில் வரும். பொறுமையாகப் படி.

உன்னைப் பெற்றபோது எனக்குப் பதினாறு வயது. இன்னும் முப்பத்தேழு ஆகவில்லை. நாம் இருவரும் சந்தைக்குப் போனால் அக்காவா என்று உன்னைக் கேட்பார்கள், உனக்கு வெட்கமாக இருக்கும். திண்டுக்கல்லில் வாத்தியார் வீட்டில் பிறந்து, பத்தாவது பாதியில் நின்று, கல்யாணமாகி இந்த மேட்டுக்காட்டுக்கு வந்தவள் நான். வந்த புதிதில் நான் கையில் புத்தகம் எடுத்தாலே வீட்டில் முணுமுணுப்பு கேட்கும். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். வெங்காயம் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் போகிற நாளெல்லாம் நூலகத்தில் பழைய புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, அங்கே இருப்பவர் எடுத்து நீட்டுகிற புதிய புத்தகத்தை வாங்கி வருவார். என்ன புத்தகம் என்று அட்டையைக்கூடப் பார்க்கமாட்டார். ஒரு தடவை மாட்டு வைத்தியமும் இன்னொரு தடவை ஐரோப்பியச் சரித்திரமும் வந்தன. இரண்டையும் படித்தேன். ஆனால் அவர் வாங்கி வருகிறாரே தவிர, இந்த வீட்டில் நான் படிப்பதற்கு ஒரு காரணம் தேவையாகத்தான் இருந்தது. அந்தக் காரணத்தை டிராக்டர் கொண்டுவந்தது.

மலைத்தோட்டத்தில் ஓடிக் களைத்த அந்தச் சீமை வண்டியை அப்பா வாங்கி வந்தபோது நீ ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாய். எண்ணெய்க் கறை படிந்த ஆங்கிலக் கைப்புத்தகம் ஒன்றும் அதோடு வந்தது. பள்ளிக்கூடத்து அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்க அதை வரிவரியாகத் தமிழில் எழுதி முடித்தேன். எழுதிய மறுமாதமே வண்டி நடுக்காட்டில் நின்றுவிட்டது. டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கிறது, இந்தத் திருகைத் தளர்த்தி நுரை போகும்வரை விடவேண்டும் என்று என் நோட்டைப் பார்த்துச் சொன்னேன். அப்பா செய்தார். வண்டி கிளம்பியது. "எம்பொண்டாட்டி புத்தகத்தப் பாத்தே வண்டிய எழுப்பிப்புட்டா" என்று டீக்கடையில் போய்ச் சொல்லியிருக்கிறார். அதோடு முணுமுணுப்பு நின்றது. இந்த இடத்தை நீ ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நான் பின்னால் செய்த காரியத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

பேட்டரிக்கு இரண்டு முனை, கூட்டல் ஒன்று, கழித்தல் ஒன்று. ஒன்றை வண்டியின் இரும்பு உடம்போடு பிணைக்க வேண்டும். அப்படிப் பிணைப்பதை அந்தப் புத்தகத்தில் 'எர்த்' என்று போட்டிருந்தது. எனக்குத் தெரிந்த தமிழில் 'மண்' என்று எழுதினேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "ஏ புள்ள, வண்டிக்கு நாலு டயரும் ரப்பரு. மண்ணுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். ஆனாலும் நம் வீட்டில் அந்தக் கம்பிக்கு மண்ணுக் கம்பி என்றே பேர் நிலைத்துவிட்டது. பெரும்பாலான வண்டிகளில் கழித்தல் முனைதான் உடம்புக்குப் போகும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்தக் காலத்துச் சீமை வண்டிகள் பலவற்றில் தலைகீழ்: கூட்டல் முனை உடம்புக்கு. நம் வண்டியும் அப்படித்தான். "கூட்டல் கம்பி மண்ணுக்கு" என்று ஒரு தகரத்தில் சிவப்புச் சாயத்தால் எழுதி பேட்டரிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்தேன். பேட்டரியைச் சுத்தம் செய்வதும் என் வேலையாயிற்று. முனைகளில் பூக்கிற வெள்ளைப் பூவைச் சுடுதண்ணீரும் சோடா உப்பும் போட்டு மாதத்துக்கு ஒருமுறை கழுவுவேன். வீட்டில் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. குத்துவிளக்கு விளக்குவதுபோல என்று விட்டுவிட்டார்கள்.

பிறகு, வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற டைனமோ போயிற்று. இரண்டு வருஷம் நாம் பட்ட பாடு உனக்குத் தெரியும். பேட்டரியைச் சைக்கிளில் கட்டி எரியோட்டுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வருவாய். அது இரண்டு நாள் தாங்கும். மற்ற நாளெல்லாம் சாயங்காலம் வண்டியை மேட்டில் நிறுத்தி, காலையில் உருட்டிவிட்டுத்தான் எழுப்ப வேண்டும். நீ பதினோராவது பரீட்சை எழுதிவிட்டு லீவுக்கு மாமா வீட்டுக்கு வத்தலக்குண்டு போனாய். அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த காசிம் பாயிடம் போய் ஒட்டிக்கொண்டாய். கொடைக்கானல் ரோட்டில் பள்ளத்தில் விழுந்து நசுங்கிய வெளிநாட்டுக் கார் ஒன்று அந்தப் பட்டறையில் கிடந்தது. அதிலிருந்து கழற்றிய, டைனமோ வேலையைச் செய்கிற அந்த ஆல்டர்னேட்டரை, நீ மூன்று வாரம் அவரோடு நின்று வேலை செய்ததற்காக உனக்குத் தந்தார். சாக்குப் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாய். சாப்பிடும்போது நீ சொன்னதும் நாங்கள் சிரித்ததும் எனக்கு இப்போதும் கேட்கிறது.

"டைனமோ நம்ம வீட்டுக்கு வந்த மருமக மாதிரியாம்மா. எப்படி வச்சாலும் அனுசரிச்சுப் போயிருமாம். இது மாப்பிள்ளையாம். இது வந்துட்டா, வீட்டு வழக்கத்த நாமதான் இதுக்கேத்தபடி மாத்திக்கணுமாம். பாய் சொன்னாரு."

"அப்ப தலை தீவாளிக்கு மோதிரம் போடணுமாடா அதுக்கு?" என்று அப்பா கேட்டார். நான் புரையேறும்வரை சிரித்தேன். மருமகளைப் பற்றிச் சொன்னது எனக்குக் கொஞ்சம் தைத்தது. அதிலேயே மனசு நின்றுவிட்டது. மாப்பிள்ளைக்காக எதை மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். அந்த ஆல்டர்னேட்டருக்குக் கழித்தல்தான் உடம்புக்கு வரவேண்டும். கூட்டல் வந்தால் உள்ளே இருக்கிற சின்னச் சின்ன வில்லைகள் அந்தக் கணமே செத்துப்போகும்.

நான்கு நாள் வேலை செய்தாய். பழைய டைனமோ இருந்த இடத்தில் இது உட்காராது என்று எரியோட்டுக் கொல்லரிடம் போய் இரும்புப் பட்டை அடித்து வந்தாய். பெல்ட்டின் இழுப்பைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாய். கனத்த கம்பி எங்கே போகிறது, சன்னக் கம்பி எங்கே போகிறது, சிவப்பு விளக்கு எங்கே என்று சிலேட்டில் படம் போட்டு வைத்திருந்தாய். கனத்த கம்பியில் ஒரு பெரிய சுவிட்சை வைத்து, எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகுதான் அதைப் போடுவேன் என்றாய். அப்பா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "முடிச்சாச்சா இஞ்சினியரு?" என்பார். நக்கல்தான், ஆனால் ஆசையோடு. நான்காம் நாள் சாயங்காலம் கையில் கரியோடு அடுப்படிக்கு வந்து, "எல்லாம் மாத்தியாச்சும்மா" என்றாய்.

மாத்தியாச்சு. அந்த ஒரு சொல்லை நான் என் போக்கில் எடுத்துக்கொண்டேன். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தாயிற்று என்று கேட்டுக்கொண்டேன். நீ சொன்னது, முனைகளை இடம் மாற்றிவிட்டேன் என்று. "நல்லதுப்பா, கையக் கழுவிட்டு வா" என்றேன். இரண்டுக்கும் அதே பதில் பொருந்தியதால் நீயும் சந்தேகப்படவில்லை.

மறுநாள் விடிவதற்கு முன்பே கோடை மழை இறங்கி ஓய்ந்துவிட்டது. ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். அப்பா கலப்பையை எடுத்துவரப் போனார். நீ கிணற்றில் குளிக்கப் போயிருந்தாய். புது வேலை, முதல் ஓட்டம், முனைகள் பளிச்சென்று இருக்கட்டும் என்று நான் சுடுதண்ணீரை எடுத்துக்கொண்டு போனேன். பெட்டியைத் திறந்தேன். பேட்டரி திரும்பி இருந்தது. மண்ணுக் கம்பி கழித்தல் முனையில் கிடந்தது. அந்தக் கம்பியின் நுனியில் முனையைக் கவ்வுகிற பிடி பெரியது, கழித்தல் முனை சிறியது. இடைவெளியை அடைக்க நீ ஒரு ஈயத் தகட்டை மடித்துச் சொருகியிருந்தாய். என் எழுத்து மூடியில் சிவப்பாக இருந்தது. அவசரத்தில் பையன் திருப்பி மாட்டிவிட்டான், பிடி பொருந்தாமல் தகடு வேறு வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். அப்பாவுக்குத் தெரிந்தால் நான்கு நாள் வேலையும் ஒரு சொல்லில் போய்விடும். உன்னைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான், தம்பி, அந்த நிமிஷத்தில் நினைத்தேன். பேட்டரியை வெளியே தூக்கினேன், கழுவினேன், திருப்பி வைத்தேன். பெரிய பிடி கூட்டல் முனையில் தகடே இல்லாமல் கச்சிதமாக உட்கார்ந்தது. அப்படிப் பொருந்தியதே நான் செய்வது சரி என்பதற்குச் சாட்சியாகப் போய்விட்டது. ஈயத் தகட்டைக் குப்பைக்குழியில் எறிந்துவிட்டு, மூடியை மூடிவிட்டு வந்தேன். கிணறு கூப்பிடு தூரம்தான். ஒரு குரல் கொடுத்திருக்கலாம்.

அன்று வண்டியைச் சுற்றிப் பத்துப் பேராவது இருந்திருப்பார்கள். சுப்பையா சித்தப்பா வேப்பங்குச்சியை மென்றுகொண்டு முன்னால் நின்றார். நீ தலையைத் துவட்டிக்கொண்டே வந்து அந்தப் பெரிய சுவிட்சைப் போட்டாய். இஞ்சினைத் தொடக்கூட இல்லை. கனத்த கம்பியின் மேல் தோல் குமிழ் விட்டது. ஆல்டர்னேட்டரின் வாயிலிருந்து வெள்ளைப் புகை சுருண்டு வந்தது. நீ பாய்ந்து சுவிட்சைப் பிடுங்கினாய். அதற்குள் முடிந்துவிட்டது.

"சாம்பிராணி போட்டாச்சு. இனி சாமி வரவேண்டியதுதான் பாக்கி" என்றார் சுப்பையா சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா பெட்டியின் மூடியைத் திறந்தார். நீயும் குனிந்து பார்த்தாய். அந்த முகத்தை நான் பார்த்தேன்.

"மாத்துனேனேப்பா. கழித்தலத்தான் மண்ணுக்குக் குடுத்தேன். பாய் அப்படித்தான் சொன்னாரு."

"எதடா மாத்துன? கூட்டலுதான மண்ணுல கெடக்கு? கண்ணு தெரியலையா?"

"இல்லப்பா, மாத்துனேன்." பிறகு இன்னும் சின்னக் குரலில், "மாத்துனதாத்தான் நெனச்சேன்" என்றாய்.

அந்த இரண்டாவது பேச்சின்போது நான் உன்னிடமிருந்து நான்கு அடி தள்ளிக் குடத்தோடு நின்றுகொண்டிருந்தேன். என்ன நடந்தது என்று உன் முதல் வார்த்தையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. நீ உன் ஞாபகத்தையே விட்டுக்கொடுத்ததை என் கண்முன்னால் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. அப்பா உன் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக்கொண்டார். அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. "உனக்கு இது வேண்டாம்டா. படிச்சவன், எழுத்து வேலைக்குப் போ" என்றார். வண்டியை மேட்டுக்குத் தள்ளி உருட்டிவிட்டு எழுப்பினார்கள். உழவு நின்றுபோகவில்லை. நின்றுபோனது நீதான். வத்தலக்குண்டுப் பட்டறையில் போய் வேலை பழகப் போகிறேன் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் அன்று மத்தியானத்திலிருந்து அதைப் பற்றிப் பேசவே இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நானே என்னிடம் பல விதமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். முதலில் பத்துப் பேருக்கு நடுவில் எப்படிச் சொல்வது என்று இருந்தது. ஆட்கள் கலைந்ததும் சொல்லியிருக்கலாமே? சொல்லவில்லை. நான் படிப்பதை இந்த வீடு பொறுத்துக்கொண்டது அந்த நோட்டினால்தான். நான் எழுதி வைத்த ஒரு வரியே வண்டியைக் கெடுத்தது என்று தெரிந்தால், அதன் பிறகு திண்டுக்கல்லிலிருந்து எனக்குப் புத்தகம் வருமா? அந்தப் பயத்தில் உன் பெயரை அடகு வைத்தேன். இதைவிட நல்ல வார்த்தையில் எழுத எனக்கு வழி தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு மாதம் கழித்து, மாமா சொல்லி நடந்ததைக் கேள்விப்பட்ட காசிம் பாயிடமிருந்து கார்டு வந்தது. அதையும் படிக்கச் சொல்லி அப்பா என்னிடம்தான் கொடுத்தார். "உங்கள் மகன் முனையைத் தப்பாக மாட்டியிருக்கமாட்டான். என் முன்னால் மூன்று தடவை மாட்டிக் காட்டியவன். நான் ஒருநாள் வந்து பார்க்கிறேன். அவனைத் திட்ட வேண்டாம்" என்று எழுதியிருந்தார். "எல்லாரும் சௌக்கியமான்னு விசாரிச்சு எழுதியிருக்காரு" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, கார்டை அடுப்பில் வைத்தேன். வரவேண்டாம் என்று நானே பதிலும் போட்டேன். முதல் நாள் செய்தது பிழை. இது பிழையில்லை, தெரிந்து செய்தது. செவ்வாய்க்கிழமை உன் கடிதத்தைப் படிக்கும்போதும் அந்த வரியைத் தாண்டிப் போய்விட ஒரு கணம் மனசு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சுப்பையா சித்தப்பா வைத்த பேர் உன்னோடு ஒட்டிக்கொண்டது. "ஏலே சாம்பிராணி" என்று கூப்பிட்டால் நீ திரும்பிப் பார்த்துச் சிரிப்பாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. கோயம்புத்தூரில் எழுத்தர் வேலை கிடைத்து நீ பெட்டியைத் தூக்கியபோது, நல்லதுதான், கரி படாத வேலை, மேஜை நாற்காலி என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என் பிழை உனக்கு நன்மையாக முடிந்துவிட்டது என்று நம்பப் பார்த்தேன். உன் கடிதம் வந்த பிறகு அப்படி நம்ப முடியவில்லை. அங்கே யாரோ ஒரு ஃபோர்மேன், உன்னைப் பற்றி ஒன்றும் தெரியாதவர், நீ கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மோட்டார் பக்கம் போய் நிற்பதைப் பார்த்து, இவன் இங்கே இருக்க வேண்டியவன் என்று கண்டுபிடித்திருக்கிறார். பெற்றவள் மறைத்ததை அந்நியர் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் தாய் என்பதால் ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். நாளைக்கு உனக்கும் குடும்பம் வரும். அன்பு வைத்தவர்கள் செய்த வேலையை, அவர்களுக்குத் தெரியாமல் அவர்களுக்காகச் சரிசெய்யாதே. தப்பாகத் தெரிந்தால் கூப்பிட்டுக் கேள். கேட்பது அவர்களை அவமானப்படுத்துவதாக அந்த நேரத்தில் தோன்றும். கேட்காமல் விடுவதுதான் அவமானம் என்று எனக்குப் புரிய மூன்று வருஷம் ஆயிற்று.

இதுவரை எழுதியது புதன்கிழமை. உனக்கு எழுதி அனுப்பிவிட்டு இங்கே வாயை மூடிக்கொண்டிருந்தால் அது பாதி உண்மையாகவே இருக்கும் என்று பட்டது. அதனால் வியாழக்கிழமை மத்தியானம் கஞ்சி கொண்டுபோனபோது அப்பாவிடம் சொன்னேன். மிளகாய்க்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். நீங்க வேலையப் பாத்துக்கிட்டே கேளுங்க."

"சொல்லு."

"தம்பி ஆல்டர்னேட்டர் வச்சானே, அன்னைக்குப் பேட்டரியத் திருப்பி வச்சது நானு. கழுவப் போனவ, அவன் தப்பா மாட்டிட்டான்னு நெனச்சுத் திருப்பிட்டேன்."

மண்வெட்டி நின்றது. "அப்ப அவன் மாட்டுனது?"

"சரியாத்தான் மாட்டியிருந்தான்."

"அம்புட்டுமா?"

"அம்புட்டும்."

அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பாயின் கார்டைப் பற்றியும் சொன்னேன். கஞ்சியைத் தொடவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"மூணு வருசமா எனக்குச் சோறு போட்டியே புள்ள. ஒருநாளு வாயில வரலையா?"

"புத்தகத்த நிறுத்திப்புடுவீங்கன்னு பயந்தேன்."

யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "நிறுத்தித்தான் இருப்பேன். அன்னைக்கு இருந்த கோவத்துக்கு." பிறகு, "ஆனா நானும்தான தொறந்து பாத்தேன். மாத்துனேன்னு அவன் ரெண்டு தடவ சொன்னான். நான் காதுலயே வாங்கல. யாரு தொட்டதுன்னு ஒரு வார்த்த கேட்டனா?" என்றார். அவர் அழுததில்லை என்று உனக்குத் தெரியும். அன்றும் அழவில்லை. ஆனால் எழுந்துபோய்க் கட்டின பாத்தியையே திரும்பக் கட்டினார்.

சாயங்காலம் டீக்கடைப் பக்கம் போனார். நானும் பின்னால் போனேன். நான் அந்தக் கடைப் பக்கம் நின்றதே இல்லை. சுப்பையா சித்தப்பா பெஞ்சில் இருந்தார்.

"ஏலே சுப்பையா, எம்மகனுக்குச் சாம்பிராணின்னு பேரு வச்சியே, அத எனக்கு மாத்திக் குடுத்துரு. அவன் வேல சரியாத்தான் இருந்துருக்கு. நான்தான் பாக்கத் தெரியாம கையில இருந்த ஸ்பேனரப் புடுங்கிட்டேன்" என்றார். என் பெயரை அவர் எடுக்கவே இல்லை. என்னை விட்டுவிட்டுப் பழியைத் தானே சுமக்கப் பார்த்தார். நான் செய்ததுபோல அவரும் மறைக்கிறார் என்று தோன்றியது. நான் முன்னால் போய், "அவரு இல்ல கொழுந்தனாரே. பேட்டரியத் திருப்பி வச்சது நான்" என்றேன். சித்தப்பா கையில் டம்ளரோடு எழுந்து நின்றுவிட்டார். டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு, "பயல் வந்தா நான் என்னன்னு மொகத்தப் பாக்குறது மதினி?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. நான் பயந்ததுபோல ஒன்றும் இடிந்து விழவும் இல்லை. இத்தனை சின்னக் காரியத்தையா மூன்று வருஷம் தள்ளிப்போட்டேன் என்று வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

இதைத் தபாலில் போடச் சொல்லி அப்பாவிடம் கொடுத்தேன். "திங்கக்கெழமைக்குள்ள போயிருமா?" என்றார். போகாமல்கூட இருக்கலாம் என்றேன். "அப்ப நானே கொண்டுபோறேன். சனிக்கெழமை மொத பஸ்" என்றார். மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்ச சித்தப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார். கடிதத்தை ஒட்டாமல் கொடுக்கிறேன். என் எழுத்தை அடுத்தவர் பார்த்தால் எனக்கு உடம்பே கூசும் என்பது உனக்குத் தெரியும். இதை மட்டும் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். உன் ஃபோர்மேனும் படிக்கட்டும். அப்பாவை வழியில் படித்துப் பாருங்கள் என்றேன். "பஸ்ஸுல எழுத்தப் பாத்தா எனக்குத் தல சுத்தும்" என்கிறார். எழுத்துக்கூட்டிப் படிப்பதை அடுத்த சீட்டுக்காரர் பார்த்துவிடுவார் என்ற வெட்கம்தான். எப்படியும் பழனி தாண்டுவதற்குள் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடுவார்.

திங்கட்கிழமை நீ என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நான் எழுதமாட்டேன். எழுத்து வேலை உனக்குப் பிடித்துப்போயிருந்தால் அதிலேயே இரு. எனக்கு அதுவும் சந்தோஷம்தான். ஆனால் கை இல்லை என்ற காரணத்தைச் சொல்லி மட்டும் மறுக்காதே. அது உன்னுடைய காரணம் இல்லை, நான் உன் மேல் வைத்தது. என் மேல் கோபம் வந்தால் கோபப்படு. பேசாமல் இருக்க வேண்டும் என்று தோன்றினால் இரு. எத்தனை மாதமானாலும் நான் கேட்கமாட்டேன். நீ மாற்றி மாட்டினாய். சரியாக மாட்டினாய். அது உன் நினைவில் அப்படியே திரும்பப் போய் உட்கார்ந்தால் போதும்.

உன்னிடம் என்ன பேசுவது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. இரண்டு நாளாக என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறார். நானும் சொல்லிக்கொடுக்கவில்லை. கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் வராமல் தெருவிலேயே நின்றுகொள்வதாகச் சொல்கிறார். "படிச்சுட்டு அவனா கூப்புட்டா போறேன்" என்றார். இந்த வரிக்கு நீ வரும்போது அவர் அங்கேதான் நிற்பார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கமாட்டார்.

அம்மா